ஸ்பெஷல் பிராஞ்ச் போலீஸுக்குள்ளேயே இருக்கட்டுமா, தனியாகப் போகட்டுமா? மகஜர் எழுதுமுன் ஓர் ஒப்பீடு

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் நாங்கள் சிலர் சேர்ந்து மலேசிய நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு மகஜர் தயாரித்துக்கொண்டிருக்கிறோம். பாதுகாப்புக் குற்றங்களுக்கான சொஸ்மா சட்டத்தின் 28 நாள் தடுப்புக்காவல் பிரிவுக்கு 2022இல் கிடைத்த ஐந்தாண்டு நீட்டிப்பு 2027 ஜூலையோடு முடிகிறது. 2022இல் மக்களவையில் நடந்தது பலருக்கு மறந்திருக்கும். மார்ச் மாதம் நீட்டிப்புத் தீர்மானம் 84க்கு 86 என்று தோற்றது. ஜூலையில் மறுபடி கொண்டுவந்து நிறைவேற்றினார்கள். முதல் தடவை இரண்டே ஓட்டு வித்தியாசம் என்பதால், உறுப்பினர்களை ஒவ்வொருவராகப் போய்ப் பார்ப்பதில் பலன் உண்டு என்று நம்புகிறோம்.

28 நாள் கூடாது என்பதில் எங்களுக்குள் விவாதமே இல்லை. இழுபறி மகஜரின் அடுத்த பத்தியில் வந்தது. பாதுகாப்புக் கைதுகள் பலவற்றுக்குப் பின்னால் நிற்கும் உளவுப் பிரிவை, அதாவது போலீஸ் தலைமையகமான புக்கிட் அமானின் ஸ்பெஷல் பிராஞ்சை, என்ன செய்யச் சொல்லிக் கேட்பது? இருக்கிறபடியே வைத்துக் கண்காணிப்பைக் கூட்டினால் போதும் என்றார் ஒருவர். வழக்கறிஞரான ஒரு தம்பி, பிரிட்டன், கனடா மாதிரி போலீஸிலிருந்து பிரித்து, கைது அதிகாரம் இல்லாத தனி நிறுவனமாக்க வேண்டும் என்றார். ஓய்வுபெற்ற அரசு ஊழியர் ஒருவர், 'பக்கத்தில் சிங்கப்பூரைப் பாருங்க, எவ்வளவு கச்சிதமா நடக்குது' என்றார். எனக்குப் படுவது நான்காவது வழி. பிரிவு போலீஸுக்குள்ளேயே இருக்கட்டும். ஆனால் அதற்கென்று ஒரு சட்டம் வேண்டும், கைது வேலை வேறு கைக்குப் போக வேண்டும், அதன் கோப்புகளைத் திறந்து பார்க்கும் உரிமை வெளியார் ஒருவருக்கு இருக்க வேண்டும். ஏன் இதற்கு வந்தேன் என்பதை எழுதுகிறேன்.

முதலில், இந்தப் பிரிவு செய்யும் வேலையை மதிப்போடு சொல்லியாக வேண்டும். 1989 டிசம்பர் 2 அன்று ஹாட்யாயில் மலாயாக் கம்யூனிஸ்ட் கட்சியோடு அமைதி ஒப்பந்தம் கையெழுத்தானதன் பின்னணியில் ஸ்பெஷல் பிராஞ்சின் நெடுநாள் உழைப்பு இருந்தது. சிங்கப்பூர் தடுப்பு முகாமிலிருந்து 2008இல் தப்பிய தீவிரவாதத் தலைவர் மாஸ் செலாமாட்டை அடுத்த ஆண்டு ஏப்ரலில் ஜொகூர் ஸ்கூடாயில் பிடித்தது அவர்கள்தான். ஐஎஸ் தீவிரவாத அமைப்பின் ஆட்கள் நம் நாட்டில் நடத்திய முதல் தாக்குதல், 2016 ஜூன் 28 அன்று பூச்சோங் மொவிடா கேளிக்கை விடுதியில் வீசிய கையெறி குண்டு. எட்டுப் பேர் காயமடைந்தார்கள். அந்த ஆண்டுகளில் வேறு திட்டங்கள் முளையிலேயே கிள்ளப்பட்டன. ரமலான் சந்தையிலும் தைப்பூசக் கூட்டத்திலும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நிம்மதியாக நடக்கும் நாம் அதை மறுக்கக் கூடாது.

இன்னொரு பக்கமும் நமக்குத் தெரியும். தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதியை 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிட்ட காலத்திலிருந்தே மலாயாத் தமிழனுக்கும் பாதுகாப்புச் சட்டத்துக்கும் பழக்கம் உண்டு. 2007 நவம்பர் 25, மலேசிய இந்தியர் உரிமை கேட்ட இண்ட்ராஃப் அமைப்பின் பேரணி. அன்று விடிகாலை பத்துமலைக் கோயில் வளாகத்துக்குள் கண்ணீர்ப் புகையும் தண்ணீர்ப் பீரங்கியும். இரண்டு வாரம் கழித்து உதயகுமார், மனோகரன், கணபதிராவ், கெங்காதரன், வசந்தகுமார் ஐவரும் விசாரணையின்றி அடைக்கும் இசா சட்டத்தில் கமுந்திங் தடுப்பு முகாமுக்குப் போனார்கள். மனோகரன் முகாமில் இருந்தபடியே கோத்தா அலாம் ஷா சட்டமன்றத் தொகுதியை வென்றார். கணபதிராவ் இப்போது கிள்ளான் நாடாளுமன்ற உறுப்பினர். அன்று நாட்டின் பாதுகாப்புக்கு மிரட்டல் என்று அடைக்கப்பட்டவர் இன்று சட்டம் இயற்றும் அவையில் உட்கார்ந்திருக்கிறார். அவரை அடைத்தது சரியான உளவுத் தகவலின் பேரில்தானா என்று கேட்க எந்த மன்றமும் இன்று வரை இல்லை. என் கவலையெல்லாம் இந்த இடத்தில்தான்.

அன்றாடத்தில் இந்தப் பிரிவை நாம் பார்ப்பது வேறு மாதிரி. செந்தூலிலோ பிரிக்ஃபீல்ட்ஸிலோ ஒரு செராமா (அரசியல் கூட்டம்) என்றால், கடைசி வரிசையில் அரைக்கைச் சட்டையில் ஒருவர் உட்கார்ந்து கைப்பேசியில் குறிப்பெடுத்துக்கொண்டிருப்பார். யாரென்று எல்லோருக்கும் தெரியும். ஏற்பாட்டாளர் அவருக்கும் தே தாரிக் கொடுப்பார். முதல் நாளே அவர் போன் போட்டு, யார் பேசுகிறார்கள், எத்தனை பேர் வருவார்கள் என்று மரியாதையாகக் கேட்டிருப்பார். கோபப்பட ஒன்றுமில்லை, அவர் வேலை அது. ஆனால் அந்தக் குறிப்பு எந்தக் கோப்பில் சேர்கிறது, எத்தனை ஆண்டு இருக்கிறது, பேசியவரின் மகள் அரசாங்க வேலைக்கு மனுப் போடும்போது அதை யாராவது புரட்டுவார்களா என்பதற்கு எந்தச் சட்டத்திலும் பதில் இல்லை. 1967 போலீஸ் சட்டத்தின் 3ஆம் பிரிவு, போலீஸின் கடமைகளைச் சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில் 'பாதுகாப்பு உளவுத் தகவல் சேகரிப்பது' என்று சேர்த்திருக்கிறது. இவ்வளவு பெரிய பிரிவுக்கு அந்தச் சட்டம் ஒதுக்கிய இடம் அவ்வளவுதான்.

சரி, வழிகளுக்கு வருவோம்.

இருக்கிறபடியே வைத்துக் கண்காணிப்பைக் கூட்டுவது என்ற முதல் வழியை இருபது ஆண்டாகப் பார்த்துவிட்டோம். துன் முகமது ஜைடின் அப்துல்லா தலைமையிலான அரச ஆணையம் 2005இல் 125 பரிந்துரைகள் கொடுத்தது. அவற்றில் முக்கியமானது போலீஸ் மீதான புகாரை விசாரித்துத் தண்டிக்கவும் அதிகாரமுள்ள சுதந்திர ஆணையம். பல கைகள் மாறி, 2023 ஜூலையில் நடைமுறைக்கு வந்த ஐபிசிசி ஆணையம் விசாரித்துப் பரிந்துரைக்கத்தான் முடியும். ஒழுங்கு நடவடிக்கை போலீஸ் படை ஆணையத்தின் கையில். சாதாரண போலீஸ் நிலைய லோக்காப் விவகாரத்துக்கே இது பற்றவில்லை என்றால், ரகசியக் கோப்புகளோடு வேலை செய்யும் பிரிவுக்கு எப்படிப் பற்றும்? பாதிரியார் ரேமண்ட் கோவும் பெர்லிஸின் அம்ரி சே மாட்டும் காணாமல் போனதற்கு ஸ்பெஷல் பிராஞ்ச்தான் பொறுப்பு என்று மனித உரிமை ஆணையமான சுஹாகாம் 2019 ஏப்ரலில் விசாரித்துச் சொன்னது. அரசு அமைத்த பணிக்குழுவின் அறிக்கையோ ரகசியமாக்கப்பட்டது. கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் அரசையும் போலீஸையும் பொறுப்பாளி என்று தீர்ப்பளிக்க 2025 நவம்பர் ஆனது. அதுவும் குடும்பத்தார் விடாமல் வழக்காடியதால். முதல் வழியை நான் தள்ளிவிட்டேன்.

சிங்கப்பூர் வழி நம்மவர் பலருக்குப் பிடிக்கிறது. அங்கே பழைய ஸ்பெஷல் பிராஞ்ச் 1966இல் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையானது. இன்று உள்துறை அமைச்சின் கீழ் தனியாக இயங்குகிறது. ஆனால் கைது, விசாரணை, தடுப்புக்காவல் எல்லாம் அதே துறையின் கையில். 30 நாள் விசாரணைக் காவல், அப்புறம் இரண்டு ஆண்டு வரை உத்தரவு, அதைப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். நீதிபதி ஒருவர் தலைமையில் ஆலோசனை வாரியம் உண்டு, அதிபருக்கும் ஒரு சொல் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்த வழியை எடைபோட 1987ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளலாம். மே, ஜூன் மாதங்களில் சிங்கப்பூர் 22 பேரைப் பிடித்தது. தேவாலயத் தொண்டர்கள், வழக்கறிஞர்கள், நாடகக்காரர்கள். அக்டோபர் 27இல் தொடங்கிய லாலாங் நடவடிக்கையில் நம் நாடு 106 பேரைப் பிடித்தது. அதில் எதிர்க்கட்சித் தலைவர்களான கர்ப்பால் சிங், பி. பட்டு, வி. டேவிட் எல்லோரும் இருந்தார்கள். ஒரு நாட்டில் உளவுத்துறை போலீஸுக்கு வெளியே, இன்னொரு நாட்டில் உள்ளே. கையில் இருந்தது ஒரே மாதிரிச் சட்டம், கிடைத்ததும் ஒரே மாதிரி விளைவு. ஆகவே பிரித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையை இந்த ஓர் ஆண்டே உடைத்துவிடுகிறது. உளவு பார்க்கிறவரே பிடித்து அடைக்கவும் முடிந்தால், அவர் எந்தக் கட்டடத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்பது நமக்கு ஒரு பொருட்டில்லை.

தம்பி சொன்ன தனி நிறுவன வழிதான் உண்மையிலேயே என்னை யோசிக்க வைத்தது. அதற்குக் கனடாவைப் போல் நமக்குப் பொருந்தும் பாடம் வேறில்லை. அங்கேயும் உள்நாட்டு உளவு, தேசியப் போலீஸான ஆர்சிஎம்பிக்குள் ஒரு பிரிவாகத்தான் இருந்தது. கியூபெக் மாநிலப் பிரிவினைக் கோரிக்கைக் காலத்தில் அந்தப் பிரிவு 1972இல் ஒரு கொட்டகையைத் தீவைத்துக் கொளுத்தியது. 1973இல் ஒரு சட்டப்படியான அரசியல் கட்சியின் உறுப்பினர் பட்டியலை இரவோடு இரவாகத் திருடியது. விஷயம் வெளியே வந்ததும் 1977இல் மெக்டொனால்ட் ஆணையம் அமைத்தார்கள். போலீஸிலிருந்து பிரிக்கச் சொல்லி 1981இல் அது முடித்தது. 1984இல் சீசிஸ் என்ற தனி நிறுவனம் சட்டத்தோடு பிறந்தது. அந்தச் சட்டத்தைப் படித்தால் பொறாமையாக இருக்கும். எது பாதுகாப்பு மிரட்டல் என்று வரையறுத்துவிட்டு, சட்டத்துக்கு உட்பட்ட பரப்புரை, எதிர்ப்பு, மாற்றுக் கருத்து இவை அதில் சேராது என்று அதே பிரிவில் எழுதியிருக்கிறார்கள். கைது அதிகாரம் கிடையாது. ஒட்டுக்கேட்க நீதிபதியின் ஆணை வேண்டும். வெளியிலிருந்து ஆராய ஒரு குழு, இப்போது அது 2019 முதல் இன்னும் பெரிய முகமையாகியிருக்கிறது. அமைச்சரவை ரகசியம் தவிர எந்தக் கோப்பையும் அது கேட்டு வாங்கலாம்.

ஆனால் பிறந்த மறு ஆண்டே அந்த நிறுவனம் ஒரு பெரும் சோதனையில் விழுந்தது. 1985 ஜூன் 23, குண்டுவைத்துத் தகர்க்கப்பட்ட ஏர் இந்தியா 182 விமானம், 329 உயிர்கள். பெரும்பாலானோர் இந்திய வம்சாவளிக் கனடியர்கள், நம்மைப் போலக் கடல் தாண்டி வந்து குடியேறிய குடும்பங்கள். சம்பவத்துக்குச் சுமார் மூன்று வாரம் முன், சந்தேக நபரைப் பின்தொடர்ந்த சீசிஸ் ஆட்கள் வான்கூவர் தீவின் காட்டில் ஒரு வெடிச்சத்தத்தைக் கேட்டார்கள். துப்பாக்கிச் சத்தம் என்று எடுத்துக்கொண்டார்கள். அது வெடிகுண்டு ஒத்திகை. அதே நபரின் தொலைபேசியை ஒட்டுக்கேட்டுப் பதிவுசெய்த நாடாக்களில் பெரும்பாலானவற்றைப் பின்னால் அழித்தும் விட்டார்கள். உளவு நிறுவனத்துக்கு நாடா என்பது தகவல்தான், சாரம் எடுத்தபின் அதை வைத்திருக்க அவசியமில்லை. போலீஸுக்கு அது நீதிமன்றச் சான்று. இருவருக்கும் இடையே நம்பிக்கையும் இல்லை, தகவல் எப்போது கை மாற வேண்டும் என்ற விதியும் இல்லை. 2005இல் முக்கியக் குற்றஞ்சாட்டப்பட்ட இருவர் விடுதலையானார்கள். 2010இல் வந்த விசாரணை அறிக்கை இந்தப் பிளவைக் கடுமையாகச் சாடியது.

இதைப் படித்த பிறகு தனி நிறுவனம் கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. பிரிட்டனின் உள்நாட்டு உளவு நிறுவனமான எம்ஐ5 1909 முதல் இருக்கிறது, கைது செய்வதில்லை, போலீஸோடு சேர்ந்து வேலை செய்கிறது. அதற்கென்று ஒரு சட்டம் வந்ததே 1989இல்தான். எந்த அரசியல் கட்சியின் நலனுக்காகவும் இயங்கக் கூடாது என்று அதில் நேராகவே எழுதியிருக்கிறார்கள். ஒட்டுக்கேட்க அமைச்சரின் கையெழுத்தோடு நீதித்துறை ஆணையரின் ஒப்புதலும் வேண்டும் என்பது 2016க்குப் பின் வந்தது. அந்த நிலைக்கு வர அவர்களுக்கு நூறாண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது. இந்தியாவின் உள்நாட்டு உளவு அமைப்பான ஐபி 1887இல் வேர்விட்டது, தனிச் சட்டம் இன்னும் இல்லை. ஒரு நிறுவனத்தைத் தனியாக நிறுத்துவதால் மட்டும் அது சட்டத்துக்குக் கட்டுப்பட்டுவிடாது.

நம் நாட்டிலேயே தனி அமைப்பை வைத்துப் பார்த்திருக்கிறோம். 1946இல் தொடங்கிய மலாயன் செக்யூரிட்டி சர்வீஸ் போலீஸுக்கு வெளியே இருந்தது. 1948இல் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியால் அவசரகாலம் வெடித்தபோது, முன்கூட்டி எச்சரிக்கவில்லை என்ற பழி அதன்மேல் விழுந்தது. அமைப்பைக் கலைத்து வேலையைப் போலீஸிடம் ஒப்படைத்தார்கள். அதுகூடப் பழைய கதை. எனக்குப் பயம் தருவது 2018. நம் வெளிநாட்டு உளவு அமைப்பு பிரதமர் துறைக்குள் இருந்தது. பொதுத்தேர்தலுக்குச் சில நாள் முன், அன்றைய அரசுக்கு ஆதரவு கேட்டு அமெரிக்க சிஐஏ தலைவருக்கு அங்கிருந்து கடிதம் போனது. ஜூலையில் அது அம்பலமானபோது நாடே அதிர்ந்தது. உள்நாட்டு உளவையும் போலீஸிலிருந்து பிரித்தால் நம் பழக்கத்தில் அது எங்கே போய்ச் சேரும்? பிரதமர் துறையில்தான். போலீஸ் படைத் தலைவரான ஐஜிபி என்ற ஒரு படி இடையில் இருப்பது நல்லதா கெட்டதா என்று கேட்டால், இப்போதைக்கு நல்லது என்பேன்.

அந்தப் படியும் புனிதமானது இல்லை. 1998 செப்டம்பர் 20 இரவு புக்கிட் அமான் காவலில், துணைப் பிரதமர் பதவியிலிருந்து நீக்கப்பட்டிருந்த அன்வாரை அடித்தவர் அன்றைய ஐஜிபியே. அவர் அதற்கு முன் ஸ்பெஷல் பிராஞ்சின் தலைவராக இருந்தவர். அதே ஆண்டு நவம்பரில் அன்வார் வழக்கில் அப்போதைய ஸ்பெஷல் பிராஞ்ச் இயக்குநர் சாட்சி சொன்னபோது, துணைப் பிரதமரைவிட உயர்ந்தவர் பொய் சொல்லச் சொன்னால் சொல்வீர்களா என்று வழக்கறிஞர் கேட்டார். நிலைமையைப் பொறுத்தது என்றார் அவர். கோலாலம்பூர் நீதிமன்றத்தில், பகிரங்கமாக. ஆகவே போலீஸுக்குள் வைத்திரு என்று நான் சொல்வது போலீஸ்மேல் உள்ள நம்பிக்கையால் இல்லை. வெளியே வைக்கத் தேவையான வேலி நம்மிடம் இன்னும் இல்லை, வேலியை முதலில் போட வேண்டும் என்பதால்தான்.

அந்த வேலி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு 2019 அக்டோபர் சம்பவத்தை வைத்துப் பார்ப்போம். விடுதலைப் புலிகளோடு தொடர்பு என்று 12 பேரைச் சொஸ்மாவில் பிடித்தார்கள். அதில் இருவர் சட்டமன்ற உறுப்பினர்கள், காடேக் சாமிநாதனும் சிரம்பான் ஜெயா குணசேகரனும். கைப்பேசியில், ஃபேஸ்புக்கில் இருந்த படங்களெல்லாம் குற்றச்சாட்டுக்குள் வந்தன. ஜாமீன் இல்லை. 2020 பிப்ரவரி 21 அன்று சட்டத்துறைத் தலைவர் டோமி தோமஸ், தண்டனை கிடைக்க வாய்ப்பில்லை என்று எல்லா வழக்குகளையும் கைவிட்டார். அந்தக் குடும்பங்களின் தீபாவளியும் பொங்கலும் சிறைவாசலில் போயின. சொஸ்மாவின் 4ஆம் பிரிவிலேயே, அரசியல் நம்பிக்கைக்காகவோ நடவடிக்கைக்காகவோ மட்டும் யாரையும் பிடிக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறது. நல்ல வரிதான். ஆனால் 28 நாள் நீட்டிப்பைக் கொடுப்பது சூப்ரிண்டெண்ட் பதவிக்குக் குறையாத ஒரு போலீஸ் அதிகாரி. 6ஆம் பிரிவின்படி தொலைபேசியை ஒட்டுக்கேட்க அனுமதிப்பது அரசுத் தரப்பு வழக்கறிஞர், அவசரம் என்றால் அதே சூப்ரிண்டெண்டே போதும். இந்தப் பாதையில் எந்த இடத்திலும் நீதிபதி இல்லை. உளவுத் தகவல் ஆதாரமாக நிற்குமா என்று குளிர்ந்த தலையோடு பார்க்க இரண்டாவது ஆள் இல்லை.

கைது வேலையைக் குற்றப்புலனாய்வுத் துறைக்கு மாற்றச் சொல்வதற்குக் காரணம் இதுதான். தகவல் திரட்டியவருக்குத் தன் தகவல்மேல் பாசம் இருக்கும், அது மனித இயல்பு. இன்னொரு துறை அதை வாங்கி, இதை வைத்து நீதிமன்றத்தில் நிற்க முடியுமா என்று கேட்டால், படம் வைத்திருந்தவனுக்கும் வெடிமருந்து வாங்கியவனுக்கும் உள்ள வித்தியாசம் லோக்காப்புக்கு முன்னாலேயே தெரிந்துவிடும். இரு துறையும் ஒரே புக்கிட் அமானில், ஒரே ஐஜிபியின் கீழ் இருப்பதால் கனடாவில் நேர்ந்த பிளவுக்கு இடம் குறைவு. அப்படியும் உயிராபத்து என்று தெரிந்த தகவலை எத்தனை மணி நேரத்துக்குள் ஒப்படைக்க வேண்டும், பதிவுகளை எத்தனை ஆண்டு அழிக்காமல் வைக்க வேண்டும் என்பதைச் சட்டத்திலேயே எழுதச் சொல்வேன்.

இதற்கு விலை இல்லாமல் இல்லை. வேகம் கொஞ்சம் குறையும். தகவல் கொடுப்பவர்கள் தங்கள் பெயர் இன்னொரு மேசைக்குப் போவதை விரும்ப மாட்டார்கள். தனி நிறுவனமாக்கினால் கிடைக்கும் தெளிவும் இதில் கிடைக்காது, ஐஜிபி ஒருவர் நினைத்தால் இரு கையையும் மறுபடி சேர்த்துவிடலாம் என்ற ஓட்டையும் உண்டு. தம்பி இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார், அவர் சொல்வது நியாயம். அதனால்தான் ஏழு ஆண்டு கழித்து நாடாளுமன்றம் பிரிப்பதா என்று கட்டாயம் விவாதிக்க வேண்டும் என்ற விதியையும் சேர்க்கலாம் என்று அவரோடு ஒத்துப்போனேன்.

ஒன்றை மட்டும் மகஜரில் குழப்பக் கூடாது. சுங்கை பூலோ சிறை வாசலில் உண்ணாநோன்பு இருந்த நம் தாய்மார்களின் பிள்ளைகள் பெரும்பாலும் குண்டர் கும்பல் குற்றச்சாட்டில் சொஸ்மாவில் இருப்பவர்கள். அவர்களைப் பிடித்தது குற்றப்புலனாய்வுத் துறை. ஸ்பெஷல் பிராஞ்சை எந்த மாதிரி மாற்றினாலும் அவர்களுக்கு நாளைக்கே விடிவு வராது. அவர்களுக்கு வேண்டியது ஜாமீனும் வேகமான விசாரணையும். அதை முதல் பத்தியாகவும் உளவுப் பிரிவு விஷயத்தை இரண்டாவதாகவும் வைப்போம். ஒன்றைக் காட்டி இன்னொன்றை வாங்கப் பார்த்தால், அந்தத் தாய்மார்களுக்கு நாம் பொய் நம்பிக்கை கொடுத்ததாகிவிடும்.

எல்லாம் ஒரே நேரத்தில் கிடைக்காது என்று வைத்துக்கொள்வோம். ஒன்றே ஒன்று கிடைக்கும் என்றால் நான் கேட்பது கோப்பைத் திறக்கும் ஆளைத்தான். சட்ட வரையறை மீறப்பட்டதா, நீதிபதி ஆணை வாங்கினார்களா, பதிவுகள் அழிக்கப்பட்டனவா என்பதெல்லாம் கோப்பைப் பார்த்தால்தான் தெரியும். அடுத்த கூட்டத்துக்கு நான் எடுத்துப்போகும் வாசகம் இது:

'ஓய்வுபெற்ற கூட்டரசு நீதிமன்ற நீதிபதி ஒருவரை உளவுத்துறை ஆய்வாளராக, நாடாளுமன்றத்தின் பாதுகாப்புச் சிறப்புக் குழுவின் ஒப்புதலோடு, ஒரே ஒரு தவணைக்கு நியமிக்க வேண்டும். ஸ்பெஷல் பிராஞ்சின் எந்தக் கோப்பையும் முன்னறிவிப்பின்றிப் பார்க்கவும், பொதுமக்களின் புகாரைப் பெற்று விசாரிக்கவும், ஆண்டுதோறும் மக்களவைக்கு அறிக்கை அளிக்கவும் அவருக்கு அதிகாரம் வேண்டும். 1972ஆம் ஆண்டு அதிகாரபூர்வ ரகசியச் சட்டத்தைக் காட்டி அவருக்கு எதையும் மறுக்கக் கூடாது.'